முளையில் இரண்டு சுற்று

தாமல்,
19-7-1969

மதிப்புக்குரிய சம்பந்தி குமாரசாமி அவர்களுக்கு,

தாமல் ராமலிங்கம் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முதுகு எப்படி இருக்கிறது என்று என் மனைவி ஜெயம்மாள் கேட்கச் சொன்னதால் கேட்கிறேன்.

ஆடி முதல் நாள் தங்கள் வீட்டு வாசலில் நடந்ததைப் பற்றிப் பலவிதமாகப் பேச்சு அடிபடுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது விஞ்ஞான ஆசிரியனான என் கடமை.

தலையாடி விருந்துக்குத் தாங்கள் முறையாக வந்து அழைத்தீர்கள். நானும் ஜெயம்மாளும் என் மகன் அர்ஜுனனும், தங்கள் மகள் ஏலவார்குழலியை அழைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே பெரிய காஞ்சிபுரம் வந்து இறங்கினோம். கல்யாணம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைகள். ஆடி முழுக்க மருமகள் தாய்வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்து தாயும் சேயும் தவிக்கும் என்ற வழக்கத்தை மதித்துத்தான் வந்தோம்.

அப்போது தாங்கள் தறிக்கான பட்டு நூல் பாவைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தீர்கள். சம்பந்தி வரும் நாளில் பாவு நீட்டலாமா என்று நான் கேட்கவில்லை. மேற்கு முனையில் கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே "வாங்க" என்றீர்கள். கிழக்கு முனையின் கயிறு தரையில் அடித்த ஒரு முளையில் சுற்றியிருந்தது. ஒரு கை உதவலாமே என்று அதை அவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, ரெண்டு பக்கமும் ஆள் இழுத்தா ரெண்டு மடங்கு இறுகும், இழை அறுந்துடும்" என்று பதறினீர்கள். அது தவறு. தாங்கள் இழுக்கும்போது முளை சும்மா நிற்பதில்லை. தாங்கள் இழுக்கும் அதே விசையோடு அதுவும் தங்களை இழுக்கிறது. முளையின் இடத்தில் ஒரு மனிதன் நின்றால் பாவுக்கு வித்தியாசமே தெரியாது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் பின்பக்கமாகப் போய்க் கஞ்சித் தொட்டியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

இதற்கு நான் பொறுப்பு என்பது நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விரோதமானது. நான் தங்களை எவ்வளவு இழுத்தேனோ அவ்வளவு தாங்களும் என்னை இழுத்தீர்கள். ஆகவே பழியும் சரிபாதி. ஆனால் தாங்கள் தொட்டிக்குள் இருந்தபடியே, "வாத்தி வேலையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வெச்சிக்கினு வரணும்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னீர்கள். இருபத்தாறு வருட சர்வீஸில் என்னை யாரும் வாத்தி என்று சொன்னதில்லை. அதனால்தான் போட்ட இலையில் உட்காராமல் மகனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆவணி பிறந்ததும் தாங்களே மருமகளைக் கொண்டுவந்து விட்டு, ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுவரை அர்ஜுனன் காஞ்சிபுரத்து மண்ணை மிதிக்க மாட்டான்.

இப்படிக்கு,
சு. ராமலிங்கம்


பெரிய காஞ்சிபுரம்,
22-7-1969

சம்பந்திக்கு, குமாரசாமி எழுதும் கார்டு.

முதுகு இருக்கிறது. காதில் கஞ்சியும் இருக்கிறது. விசாரித்த சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்லவும்.

பழி சரிபாதி என்றால் தொட்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒருவன்தான் இருந்தேன். நீங்கள் எதிரே நின்று சிரித்தீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் கஞ்சி வழிய எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது சம்பந்தி வாய்விட்டுச் சிரிப்பது எத்தனையாவது விதி என்று தெரிவிக்கவும்.

என் வீட்டுக்காரி நீலாம்பாள் விடியும் முன்னே எழுந்து வடை, போளி, பாயசம், பதினோரு வகை செய்து இலை போட்டாள். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். அத்தனையும் மாட்டுக்குப் போட்டோம். அது இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

நேற்று நிலாவிலேயே ஆள் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒன்பது மைலில் இருக்கும் உங்கள் பிள்ளைக்குக் கட்டினவள் முகத்தைப் பார்க்க வர முடியவில்லை. பெண்ணை நாங்களே கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மாப்பிள்ளை வந்துதான் அழைத்துப் போக வேண்டும். மேலே எழுதக் கார்டில் இடம் இல்லை, எனக்கு ஆத்திரம் மீதி இருக்கிறது.

குமாரசாமி


தாமல்,
26-7-1969

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இனிமேல் கார்டில் எழுதாதீர்கள். எங்கள் ஊர்த் தபால்காரர் கைலாசம் தங்கள் கார்டை டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னா சார், சிரிச்சீங்களாமே" என்று என்னையே கேட்கிறார். ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தால் பின் பெஞ்சில் மாடு மாதிரி யாரோ கத்துகிறார்கள். இன்லண்ட் லெட்டர் என்று ஒன்றை ஒட்டுவதற்காகவே அரசாங்கம் அச்சடித்து வைத்திருக்கிறது. மைல் என்றும் எழுத வேண்டாம். மைல் போய்விட்டது. பதினான்கு கிலோமீட்டர்.

தொட்டியில் ஏன் ஒருவர் மட்டும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. விசை சமமாக இருந்தாலும் விளைவு சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் நிறை எண்பத்தொரு கிலோ. தாங்கள் நனைந்திருந்தால்கூட நாற்பத்து நான்கைத் தாண்ட மாட்டீர்கள். ஒரே விசை இலேசான பொருளை அதிகமாக நகர்த்தும். நிலாவுக்குப் போன ராக்கெட்டும் இந்த விதியால்தான் போனது. அது புகையைக் கீழே தள்ளியது, புகை அதை மேலே தள்ளியது. தங்கள் கணக்குப்படி பார்த்தால் ராக்கெட் புகையின்மேல் வழக்குப் போட வேண்டும்.

நான் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சோதனையும் செய்தேன். ஒரு கயிற்றின் நடுவில் சுருள்வில் தராசைக் கட்டி, ஒரு முனையைக் கொடிக்கம்பத்தில் மாட்டி, மறுமுனையை டிரில் மாஸ்டர் தேவசகாயத்தை இழுக்கச் சொன்னேன். தராசு பதினெட்டு கிலோ காட்டியது. பிறகு கொடிக்கம்பத்துக்குப் பதிலாக நானே பிடித்துக்கொண்டேன். அவர் அதே மாதிரி இழுத்தார். மறுபடியும் பதினெட்டு. முப்பத்தாறு இல்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். நான் பிடித்ததால் தங்கள் பாவுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பது இதனால் நிரூபணமாகிறது. சோதனையைப் பார்த்த தலைமை ஆசிரியர், "உங்க சம்பந்தி சண்டைக்கு ஸ்கூல் தராசா" என்று கேட்டார். விஞ்ஞானத்துக்கு என்று பதில் சொன்னேன்.

சிரித்தது பற்றி இப்போது எழுதுவதற்கில்லை.

அர்ஜுனன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பொதுப்பணித்துறை ஆபீஸிலிருந்து வந்ததும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். தண்ணீர் இல்லாத ஏரியில் எதைப் பார்க்கிறானோ. ஜெயம்மாள் என்னிடம் பேசி நான்கு நாளாகிறது. இருந்தாலும் என் நிலையில் மாற்றமில்லை. தாங்கள்தான் வர வேண்டும்.

சு. ராமலிங்கம்


பெரிய காஞ்சிபுரம்,
31-7-1969

சம்பந்திக்கு,

நீங்கள் கேட்டபடி ஒட்டுகிற கடிதம். இதில் இடம் அதிகம், அதனால் திட்டும் அதிகமாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நிலாவுக்குப் போனவர்கள் திரும்பியும் வந்துவிட்டார்கள். நாம் இன்னும் கயிற்றிலேயே இருக்கிறோம்.

உங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் தறிக்குழியில் கால் வைத்த குடும்பம்தான். உங்கள் தாத்தா ஏர் பிடிக்கத் தாமல் போனதோடு பாவு, நாடா எல்லாம் உங்களுக்கு மறந்துவிட்டது. அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன், புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முளையில் கயிற்றைக் கட்டுவதில்லை. இரண்டு சுற்று சுற்றி, நுனியைச் சும்மா செருகி வைப்போம். அந்த இரண்டு சுற்று போதும். நான் இந்தப் பக்கம் உயிரைக் கொடுத்து இழுத்தாலும் அந்தப் பக்கம் நீலாம்பாள் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டில் ஊர்க்கதை பேசுவாள். சுற்றை எடுத்துவிட்டால் அதே கயிற்றைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். நீங்கள் அந்தச் சுற்றை அவிழ்த்துவிட்டு, நானும் முளையும் ஒன்று என்று நின்றீர்கள்.

நீங்கள் சோதனை செய்ததாக எழுதினீர்கள். நானும் செய்தேன். எதிர்வீட்டு ராஜவேலுவைக் கூப்பிட்டு ஒரு பழைய பாவை இரண்டு பக்கமும் ஆளாக நின்று இழுத்துப் பார்த்தோம். என்ன ஆயிற்று என்று இப்போது எழுதுவதாக இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இலேசு, கனம் என்று நிறைய எழுதினீர்கள். நான் தொட்டியில் விழுந்தது நீங்கள் இழுத்ததால் இல்லை. இழுத்தால் உங்கள் பக்கம் அல்லவா வந்து விழுந்திருப்பேன். நான் பின்னால் போனது நீங்கள் விட்டதால். நீங்கள் பிடித்துக்கொண்டிருந்த வரைக்கும் உங்கள் விதி சரி. விட்ட பிறகு என்ன விதி? இருபது வருஷமாக அந்த முளை என்னை ஒரு நாளும் விட்டதில்லை. நீங்கள் ஏன் விட்டீர்கள்?

நான் பார்த்ததைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏலவார்குழலி முகம் வாடிக் கிடக்கிறாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். நீலாம்பாளும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இடம் மாறினால் தேவலையாகும் என்று பெண்ணைக் கூரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் அனுப்புகிறேன். அக்கா வந்து கேட்டாள், நானும் சரி என்றேன். ஆவணிக்குள் மாப்பிள்ளை வரவில்லை என்றால் அதற்கப்புறம் பெண் எங்கே இருப்பாள் என்று நினைத்தால் எனக்குத் தறியில் கை ஓடவில்லை. ஊர் சும்மா இருக்காது.

குமாரசாமி


தாமல்,
4-8-1969

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் என்ன பார்த்தீர்கள்?

பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதுவது முறையான வாக்குமூலம் ஆகாது. என்ன பார்த்தீர்கள், எங்கிருந்து பார்த்தீர்கள், அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது என்று விவரமாகத் தெரிவிக்க வேண்டும். ஒருவேளை ஒன்றும் பார்க்காமலே என்னைப் பயமுறுத்துகிறீர்கள் என்றால் அது சம்பந்திக்கு அழகல்ல.

முளையில் இரண்டு சுற்று பற்றி எழுதியிருந்தீர்கள். அது உராய்வு. சுற்று கூடக்கூடக் கயிற்றுக்கும் முளைக்கும் நடுவே உராய்வு பன்மடங்காகப் பெருகும். எங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அது இல்லை. இருந்திருந்தால் நான் அவிழ்த்திருக்க மாட்டேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. நேற்று கொடிக்கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றி நுனியை நான் பிடித்துக்கொண்டு தேவசகாயத்தை இழுக்கச் சொன்னேன். மனிதர் மூச்சு வாங்க இழுத்தார். நான் ஒரு கையில் காப்பி குடித்தேன்.

ஆக, என் கையிலிருந்து கயிறு வழுக்கியதற்குக் காரணமும் அந்த உராய்வுதான், அதாவது உராய்வு இல்லாமைதான். கயிற்றில் கஞ்சி இருந்தது. கஞ்சி வழுக்கும். விஷயம் இவ்வளவுதான். மேற்கொண்டு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

என் மகனை நான் கட்டிப்போட்டு வைத்திருப்பதாகத் தெருவில் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது பொய். அவனை ஆபீஸிலேயே ஒரு வாரம் வெளியூர் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூரத்தில் ஏதோ கால்வாய் மராமத்தாம். ஒன்றாம் தேதியே போய்விட்டான். போகும்போது பையன் முகத்தில் ஒரு களை. வேலை என்றால் மனத்துக்கு மருந்து. அங்கே கங்கையம்மாள் என்று யாரோ ஒரு புண்ணியவதி வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறானாம். வேளைக்கு இரண்டு கறி, ராத்திரி பால் என்று எழுதியிருக்கிறான். முன்பின் தெரியாத ஊரில் இப்படி ஒரு அம்மாள் கிடைத்தது அவன் அதிர்ஷ்டம்.

என்ன பார்த்தீர்கள் என்பதை உடனே எழுதவும்.

சு. ராமலிங்கம்


பெரிய காஞ்சிபுரம்,
7-8-1969

சம்பந்திக்கு,

கங்கையம்மாள் என் அக்கா.

கல்யாணத்தில் உங்களுக்கு மூன்றாவது தடவை பாயசம் ஊற்றி, "சம்பந்தி வெக்கப்படாம சாப்டணும்" என்று சொன்னவள். நீங்கள் பாயசத்தைப் பார்த்தீர்கள், ஆளைப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தை நேற்று சாயங்காலம் படித்தேன். இன்று காலை முதல் பஸ்ஸில் கூரம் போனேன். கால்வாயில் ஒரு மண்வெட்டிகூட இல்லை. அக்கா வீட்டுத் தோட்டத்தில் உங்கள் பிள்ளை கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து அவன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் கயிற்றை விட்டுவிட்டான். வாளி கிணற்றில் விழுந்தது. விடுவது உங்கள் குடும்பப் பழக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா வாசற்படியில் நின்று என்னை உள்ளே விடவில்லை. "கால்வாய் வேலைன்னு வந்த புள்ளைக்குச் சோறு போட்டேன். என் தம்பி பொண்ணு வந்திருந்தா, அவளுக்கும் போட்டேன். ரெண்டு பேருக்கும் ஊரறியத் தாலி கட்டி இருக்குது. எனக்கு இன்னா கேள்வி?" என்றாள். ஆடி மாசம் ஆயிற்றே அக்கா என்றேன். "ஆடியெல்லாம் நீ பாவு நீட்டுற தெருவோட நின்னு போச்சி. கூரத்துக்கு வரல்ல" என்றாள். அப்புறம் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். "அன்னிக்கு வாத்தியாரு ஒக்காராம போனாரே, அந்த இலையை ஆடி கடைசி நாள்ல என் வூட்ல போடறேன். நீயும் அவரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்டணும். சாப்ட்டாதான் இதுங்க ரெண்டையும் ஊருக்கு அனுப்புவேன். இல்லாட்டி இங்கேயே இருக்கட்டும், எனக்குத் தண்ணி இறைக்க ஆளாச்சி."

அவள் சொன்னால் செய்வாள். நீலாம்பாளிடம் வந்து சொன்னேன். அவள் ஆச்சரியமே படவில்லை. உங்கள் வீட்டிலும் கேட்டுப்பாருங்கள், எனக்கு என்னவோ சந்தேகமாக இருக்கிறது.

நான் வரத் தயார். யார் முதலில் போவது என்ற பேச்சும் இல்லை, இரண்டு பேருக்கும் கூரம் மூன்றாவது ஊர். ஆனால் நீங்கள் ஏன் விட்டீர்கள் என்பதை உங்கள் வாயால் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. கஞ்சி வழுக்கும் என்று எனக்கே எழுதாதீர்கள். கஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

குமாரசாமி


தாமல்,
10-8-1969

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ஜெயம்மாளைக் கேட்டேன். அர்ஜுனன் லீவு போட்டது அவளுக்குத் தெரியும். தேவசகாயத்துக்கும் தெரியும். தபால்காரர் கைலாசத்துக்கும் தெரியும். இந்த வீட்டில் ஒன்றும் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

நான் வாழ்நாளெல்லாம் கட்டியது பருத்தி வேட்டி. கல்யாணத்தில் சம்பந்தி மரியாதையாகத் தாங்கள் எனக்கு ஒரு பட்டு வேட்டி கொடுத்தீர்கள். தங்கள் தறியிலேயே தங்கள் கையால் நெய்தது என்று மருமகள் சொன்னாள். தலையாடி விருந்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும், சம்பந்தி பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நான்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டினேன். ஜெயம்மாள், "பட்டு வழுக்கும், மேல ஒரு துண்டு இறுக்கிக் கட்டுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. உராய்வைப் பற்றி இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவனுக்குத் தன் இடுப்பில் உராய்வு எவ்வளவு என்று தெரியவில்லை.

கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது வயிறு உள்ளே போயிற்று. வேட்டி இறங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் தங்கள் வீட்டுப் பெண்கள், ஒரு பக்கம் தெரு. நடுவில் என் மருமகள், ஆரத்திக்குக் காத்துக்கொண்டு. நான் இரண்டு கையையும் விட்டுவிட்டு வேட்டியைப் பிடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பிடித்தது பிடித்தபடி நின்றது. மானம் தப்பியது என்ற சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. தங்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. தாங்கள் எங்கே போனீர்கள் என்றே அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. தெரிந்தபோது வாத்தி என்று காதில் விழுந்தது. நிஜத்தைச் சொல்ல வெட்கம், சொல்லாமல் இருக்கக் கோபம். அதனால் நியூட்டனைக் கூப்பிட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

தாங்கள் பார்த்தது இதுதான் என்றால், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். அதற்குத் தகுந்தபடி நான் கூரத்துக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டோ வருகிறேன்.

பதினோரு வகை சமைத்த சம்பந்தியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இதை மட்டும் அடுப்பில் போட வேண்டாம்.

தங்கள்,
ராமலிங்கம்


பெரிய காஞ்சிபுரம்,
13-8-1969

அன்புள்ள சம்பந்திக்கு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போடும் முன்னே நான்கு தடவை படித்தேன். நான்காம் தடவை நீலாம்பாள் ஓடிவந்து எனக்கு முதுகு மறுபடி பிடித்துக்கொண்டதோ என்று கேட்டாள். சிரிப்பு என்று சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை.

நான் பார்த்தது அதுதான். எதிரே நின்றவன் நான் ஒருவன்தானே. மற்றவர்கள் எல்லோரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜவேலு அன்றைக்கே, "இன்னாபா, வாத்தியாரு வுட்டுட்டாரா" என்று கேட்டான். இல்லை, கஞ்சியில் என் கால் வழுக்கிவிட்டது என்றேன். தெரு இன்றுவரை அப்படித்தான் நம்புகிறது. பிறந்தது முதல் கஞ்சித் தெருவில் நடக்கிறவனுக்குக் கால் வழுக்கியதா என்று ஒரு மாதமாகக் கேலி செய்கிறார்கள். நான் நெய்த வேட்டி, நான் கேலியை வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் சிரித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து, தறியில் உட்காரும்போதெல்லாம் மனசு எரிந்தது. இப்போது எரியவில்லை.

வாத்தி என்று சொன்னது தப்பு. காதுக்குள் கஞ்சி போனால் வாய் என்ன சொல்கிறது என்று தெரிவதில்லை. வருத்தம் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களே, இதுதான் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜவேலுவும் நானும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தோம் என்று எழுதினேன் அல்லவா. ஒரு இழைகூட அறவில்லை. முளையில் சுற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. நீங்கள் சொன்னது சரி. என் அப்பா காலத்திலிருந்து இரண்டு ஆள் என்றால் இரண்டு மடங்கு என்று சொல்லி வருகிறோம், ஒருவரும் இழுத்துப் பார்த்ததில்லை. ராஜவேலு இதை நம்பாமல் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து இழுத்துக்கொண்டிருக்கிறான். தெருவில் யாரும் வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை ஆடி கடைசி நாள். பதினோரு மணிக்குக் கூரத்தில் இருப்பேன். அக்கா பாயசம் ஊற்றும்போது இந்தத் தடவை நிமிர்ந்து பாருங்கள். அதே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். மேலே துண்டு.

குமாரசாமி


பெரிய காஞ்சிபுரம்,
28-4-1970

அன்புள்ள சம்பந்திக்கு,

நேற்று காலை ஏழரை மணிக்கு உங்களுக்கும் எனக்கும் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சௌக்கியம். உங்களுக்கு எண்ணில் சொன்னால்தான் திருப்தி என்று நர்ஸம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டேன், இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மாப்பிள்ளை வந்துவிட்டான். இப்போது வெளியே துரத்தினாலும் போக மாட்டேன் என்கிறான்.

இன்று சித்திரை பதினைந்து. காஞ்சிபுரத்து வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பெண் வியர்த்துக் கிடக்கிறாள், நீலாம்பாள் விசிறியைக் கீழே வைப்பதில்லை. வந்து பார்க்கிற பெண்களெல்லாம் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அப்புறம் மெதுவாக விரலை மடக்கி எண்ணுகிறார்கள். சித்திரையிலிருந்து பின்னால் எண்ணினால் ஆடியில் போய் நிற்கிறது. ஆடி முழுக்க இரண்டு பேரும் பிரிந்துதான் இருந்தார்கள் என்று நீங்களும் நானும் கடிதம் போட்டுச் சண்டை பிடித்து ஊருக்கே நிரூபித்து வைத்திருக்கிறோம். ஒருவரும் நம்பவில்லை. கணக்கெல்லாம் எங்கள் சம்பந்தியைக் கேளுங்கள், அவர்தான் படித்தவர் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அக்கா மட்டும் கூரத்திலிருந்து வந்து, யாரையும் கேட்காமல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பதினோராம் நாள் தொட்டிலில் போடுகிறோம். தொட்டில் கயிற்றை உத்தரத்தின் மேலே போட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். மறுமுனைக்கு ராஜவேலு வருகிறேன் என்றான். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தெருவில் பாவு நீட்ட மாட்டேன். நீங்கள் வந்தால் போதும்.

குமாரசாமி


தாமல்,
30-4-1970

அன்புள்ள சம்பந்திக்கு,

இதைக் கார்டில் எழுதுவது தெரிந்தே எழுதுவது. பேரன் பிறந்த சேதியைக் கைலாசம் டீக்கடையில் சத்தமாகப் படிக்கட்டும்.

பதினோராம் நாள் முதல் பஸ்ஸில் வருகிறோம். உத்தரத்தில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றுங்கள். தாங்கள் நெய்த வேட்டிதான் கட்டி வருகிறேன். அதற்கு மேல் நாலு விரல் அகலத்தில் ஒரு பெல்ட் வாங்கிவிட்டேன்.

இந்தத் தடவை விடமாட்டேன்.

ராமலிங்கம்